ஸ்டெஃபியைத் தனியே அனுப்பினேன்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் சக்திவேல் அவர்களே! செவிலியர் கண்காணிப்பாளர் சரஸ்வதி அம்மா அவர்களே! மலைப்பாதை ஏறி, மழைச்சாரலில் நனைந்து வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! நேற்று நியமன ஆணை பெற்று, இன்று முன்வரிசையில் வெள்ளுடையில் வீற்றிருக்கும் ஆறு செல்வங்களே! இருபத்திரண்டு ஆண்டுகளாக இந்த மருத்துவமனையில் செவிலியாக இருக்கும் இன்பமேரியின் எளிய வணக்கம்.

வாழ்த்துரை வழங்கத்தான் அழைத்தார்கள். ஆனால் வாழ்த்த வந்த வாய் ஒரு வழக்கைச் சொல்லப் போகிறது. குற்றம் சாட்டுபவளும் நானே. கூண்டில் நிற்பவளும் நானே.

புதிதாக வரும் செவிலியருக்கு ஓராண்டு உடனிருந்து வழிகாட்ட வேண்டும் என்று சென்ற ஆண்டு சரஸ்வதி அம்மா என்னைக் கேட்டார். "எம்பட வேலையே மலையாட்டம் கெடக்குதுங்க" என்று மறுத்துவிட்டேன்.

அந்த ஆடியில்தான் ஸ்டெஃபி வந்தாள். தலைச்சோலைத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்துக் கை காய்த்துப்போன ஆரோக்கியதாசின் ஒரே மகள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக வெள்ளுடை உடுத்தியவள்.

அவள் சேர்ந்த ஒன்பதாம் நாள் காலை, செம்மநத்தத்திலிருந்து மாதம்மாளை ஜீப்பில் கொண்டு வந்தார்கள். மாரடைப்பு. போராடினோம், பலிக்கவில்லை. பணியிலிருந்த மருத்துவர், "வீட்டுக்காரரிடம் சொல்லிவிடம்மா" என்று ஸ்டெஃபியிடம் சொல்லிவிட்டு, விபத்தில் அடிபட்டு வந்தவர்களைப் பார்க்க ஓடினார்.

அவள் என்னிடம் ஓடி வந்தாள். நான் மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"சிஸ்டர், நீங்க கொஞ்சம் வாங்க. எனக்கு வார்த்தை வரலைங்க."

"இதெல்லாம் பழகிக்கோணும் கண்ணு. போ, போய்ச் சொல்லு."

திரும்பியும் பார்க்காமல் சொன்னேன். போனாள்.

வெளியே கணவர் வெங்கடாசலம், தூக்குப்போசியில் கேழ்வரகுக் கஞ்சியோடு நின்றிருந்தார்.

"ஏனுங்க கண்ணு, எப்படியிருக்கறா?"

பச்சைப் பிள்ளை பயந்துபோய், "தூங்கறாங்க" என்று சொல்லிவிட்டாள்.

"தூங்கட்டும் சாமி. நொம்ப அசதி அவளுக்கு. எந்திரிச்சதும் கூப்புடு."

அரைமணி நேரம் நின்றார், ஐயா! இறந்த மனைவி எழுவாள் என்று கஞ்சியோடு காத்து நின்றார்! அந்தப் பொய் யாருடையது? ஸ்டெஃபியுடையதா? இல்லை, என் அலட்சியம் பெற்ற பொய் அது!

வெள்ளைத் துணி போர்த்திய உடல் வெளியே வந்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. ஏசவில்லை; கை ஓங்கவில்லை. "தூங்கறான்னு சொன்னியே கண்ணு" என்றார். திரும்பத் திரும்ப அதையே கேட்டார்.

மறுநாள் ஸ்டெஃபி வேலையை விட்டுவிட்டாள்.

அழாதீங்க சிஸ்டர் என்கிறீர்களா தாயே? அன்றைக்கு அழாத கண், இன்றைக்காவது அழட்டும்.

மூன்று மாதம் கழித்துத் தலைச்சோலைக்குப் போனேன். அப்பாவோடு பழம் பறித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்டேன்; திரும்பி வா என்றேன்.

"வரமாட்டேனுங்க. அந்தய்யா இன்னும் எங்கிட்டக் கேக்கறாப்பலயே இருக்குது" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "அன்னைக்கு நீங்க பேசக்கூட வேண்டாமுங்க சிஸ்டர். பக்கத்துல நின்னிருந்தாப் போதுமுங்க."

அவள் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

இந்த ஆறு பேருக்கும் வழிகாட்டச் சொல்லி, போன வாரம் சரஸ்வதி அம்மா மறுபடியும் கேட்டார். ஒருத்தியைக் கைவிட்டவளுக்கு ஆறு பேரை ஏற்க அருகதை உண்டா? ஏழு நாள் அதைத்தான் எண்ணினேன். அருகதை இல்லை, அம்மா. ஆனால் அருகதை இல்லையென்று ஒதுங்கினால், அது இன்னொரு முறை அலமாரிப் பக்கம் திரும்பிக்கொள்வதாகிவிடும்!

ஆகவே, இந்த அவை அறியச் சொல்கிறேன்: சம்மதம்!

செல்வங்களே! ஒரு சாவைச் சொல்ல வேண்டிய முதல் நாள் உங்களுக்கும் வரும். அன்று நான் சொல்வேன். நீங்கள் என் பக்கத்தில் நில்லுங்கள். இரண்டாம் முறை நீங்கள் சொல்லுங்கள். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். கை நடுங்கினால் கூப்பிடுங்கள். நாக்குக் குழறினால் கூப்பிடுங்கள். எந்த வேலையானாலும் போட்டுவிட்டு வருவேன்!

பொறுத்துக் கேட்ட பெருமக்களுக்கு என் நன்றி. புதிதாய் வந்த ஆறு பேருக்கும் வணக்கம். எழுந்திருங்கள் பிள்ளைகளே, வார்டுக்குப் போவோம்.