புழு தின்ற ஆவாரஞ்செடி

தம்புள்ளைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். மாத்தளை ஆஸ்பத்திரியில் ஆபரேசன் முடிந்து அந்தம்மாவை அவர் வீட்டுக்குக் கூட்டிப் போகிறார் என்று பேச்சில் தெரிந்தது.

திடீரென்று அவர், "ஒன் ஆவாரஞ்செடி மொட்டையாப் போச்சு" என்றார்.

"மொட்டையாவா? இந்த வெயில்ல மத்ததெல்லாம் கருகியும் அது பூத்துக்கிட்டுத்தானே நின்னிச்சு?"

"காயுதாக்கும்னு நெனச்சு, நான் குளிக்க வெச்ச தண்ணிய ஊத்தினேன்."

அந்தம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "கெணறு வத்திக் கெடக்கு, இவரு ஆவாரைக்குத் தண்ணி ஊத்துறாராம்! மழையே கேக்காத செடிங்க அது."

"பெறகுதான் பாத்தேன். எலைக்கு அடியில பூரா பச்சப் புழு."

சிரிப்பு நின்றுவிட்டது. "அது வண்ணாத்திப்பூச்சியோட புழுங்க. தின்னாலும் செடி திரும்பத் துளிர்க்கும். இந்த வறட்சியில அதுங்களுக்கு வேற பச்ச எங்க இருக்கு?" பிறகு மெதுவாகக் கேட்டார். "மருந்து அடிச்சிட்டீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். "மெளகாய்க்கு வாங்கினது இருந்திச்சு. கலக்கி, டேங்க முதுகுல மாட்டிட்டேன்."

"ஐயோ!"

"அடிக்கலடி. நீ அங்க படுத்துக் கெடக்குறப்போ ஒரு உசுரக் கொல்ல மனசு வரல. எறக்கி வெச்சிட்டேன்."

நாலந்தாவில் அவருடைய கையைப் பிடித்து இறங்கும்போது அந்தம்மா, "வீட்டுக்குள்ள அப்புறம் போவோம். மொதல்ல செடிகிட்ட கூட்டிப் போங்க" என்றார்.