சித்தப்பா வந்திருக்கிறார்

கரம் போர்டுக்குப் பவுடரைக் கூடப் போட்டால் பிள்ளைகளின் உடுப்பெல்லாம் வெள்ளையாகிவிடும், ஐயா. தாய்மார் என்னைத்தான் ஏசுவார்கள். அதனால் பவுடர் டின் எப்போதும் என் கையில்தான் இருக்கும்.

பாண்டிருப்பில் பழைய நெல் ஸ்டோர் ஒன்றைக் கழுவிப் பூசி, சனிக்கிழமை பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டியது நானும் ஸுல்பிகாவும். அவள் கல்முனைக்குடிக்காரி, என்னோடு ரியூசன் படிப்பிக்கிறவள். கரம், பாட்டு, தின்ன மாலுபணிஸ், குடிக்கப் பிளேன்ரீ. ஐஸ் போதைப்பொருள் விற்கிறவர்களிடம் பிள்ளைகள் போய் விழக்கூடாது என்றுதான் எல்லாம். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே போர்டில் இருப்பதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள்கூடப் பிறகு அனுப்பினார்கள். வீட்டு ஆள் வந்து கூப்பிட்டால்தான் கேற்றைத் திறப்போம். அந்தச் சட்டத்தை நம்பித்தான் அனுப்பினார்கள்.

ஜதுசனுக்குக் கூப்பிட ஆள் இல்லை. தாய் குவைத்தில் வீட்டு வேலை, தகப்பன் இல்லை. நான்தான் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவேன். முன்பு அவன் ஒரு ஐஸ் வியாபாரிக்குப் பொட்டலம் காவியவன். எங்களிடம் வந்த பிறகு விட்டுவிட்டான். வியாபாரி சாமான் ஒளிக்கும் இடத்தை பொலிஸ்காரர் உங்களுக்குக் காட்டிக்கொடுத்தது தான்தான் என்று ஒரு நாள் என்னிடம் சொன்னான். "உங்களுக்கு மட்டும்தான் சொல்றன் அண்ணா."

வியாபாரி என் ரியூசன் வகுப்புக்கு வந்தார். மரியாதையாகத்தான் கதைத்தார். காட்டிக்கொடுத்தவன் யார் என்று சொல்லாவிட்டால், சனிக்கிழமை ஆட்களோடு ஸ்டோருக்கு வருவேன் என்றார். அங்கே ஒரு அடிபாடு நடந்தால் எந்தத் தாய் மறுபடி பிள்ளையை அனுப்புவாள்? ஜதுசனுக்காக வந்து கேட்க ஒருவரும் இல்லை. அதையும் யோசித்தேன். பெயரைச் சொன்னேன். ஆட்களைக் கொண்டுவராமல், பெற்றார் வரும் நேரத்தில் தனியாக வந்தால் ஒருவருக்கும் வித்தியாசமாகத் தெரியாது என்றும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன்.

சொன்னபடி வந்தார். கேற்றில் ஸுல்பிகா மறித்தாள்.

"இவரு ஆரு? முன்ன காணல்லயே."

"ஜதுசன்ட சித்தப்பா," என்றேன். அவள் என்னை நம்பித் திறந்தாள். அவளுக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஜதுசன் சிவப்புக் காய்க்குக் குறி வைத்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, சித்தப்பா வந்திருக்கார்."

கேற்றைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குச் சித்தப்பா இல்லை என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

"நீங்க கொண்டுபோய் விடுறல்லயா அண்ணா?"

"இண்டைக்கு எனக்கு வேலை கிடக்கு."

"ஓம் அண்ணா," என்றான். கையிலிருந்த பவுடரைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு எழும்பினான். சத்தம் போடுவானோ என்று பயந்தேன். போடவில்லை. சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும் என்று நினைத்திருப்பான். நல்ல பிள்ளை. கரம் போட்டி குழம்பாமல் முடிந்தது.

மறுநாள் கரைவலைக்காரர் அவன் உடலைக் கடற்கரையில் கண்டெடுத்தார்கள். தாய் குவைத்திலிருந்து போன் எடுத்து அழுதா. "என்ட புள்ளையத் தனிய விட்டிட்டீங்களா தம்பி?" என்று கேட்டா. நான் அவவிடம் பொய் சொல்லவில்லை, ஐயா.

"இல்ல அக்கா," என்றேன். "நாங்க ஒரு புள்ளையையும் தனிய அனுப்பிறல்ல."