காயமின்றி நானூறு நாட்கள்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன், ஐயா. உங்கள் மின்விசிறியின் ஒயர் தரையில் குறுக்கே கிடக்கிறது. தேநீர்த் தட்டோடு யாராவது வந்தால் தடுக்கி விழுவார்கள். சுவரோரமாக ஒதுக்கி வைத்தால் போதும். தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இருபத்திரண்டு வருஷமாக இதையெல்லாம் கவனிப்பதுதான் என் பிழைப்பு.

கால்பந்துப் பயிற்சி மையத்தில் நான் பிசியோ. பதினொன்றிலிருந்து பதினேழு வயது வரை ஆணும் பெண்ணுமாக எழுபது பிள்ளைகள். பந்தை உதைக்கச் சொல்லிக்கொடுக்க மூன்று கோச் இருக்கிறார்கள். உடம்பு கெடாமல் பார்த்துக்கொள்ள நான் ஒருவன்தான். திறமை போதாமல் வீணான பிள்ளைகளை விட, முழங்கால் போய் வீணான பிள்ளைகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கம் சாயக் கூடாது. இந்த ஒன்றை மட்டும் தினமும் இருபது நிமிஷம் செய்யவைத்தேன். "பந்தைக் கண்ணுலயாவது காட்டுங்க சார்" என்று சிணுங்குவார்கள். விடமாட்டேன். வருஷத்துக்கு ஒன்பது முழங்கால் போய்க்கொண்டிருந்த இடத்தில் இரண்டுதான் போயிற்று. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், பொய்யில்லை.

பலகை அதற்குப் பிறகு வந்தது. உடை மாற்றும் அறையின் கதவுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை. மேலே 'காயமின்றி', கீழே 'நாட்கள்', நடுவில் எண். தினமும் காலையில் பிள்ளைகள் வருவதற்குள் நானே பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதுவேன். காயம்பட்டு யாராவது மறுநாள் பயிற்சிக்கு வராமல் போனால் எண் பூஜ்யமாகிவிடும். அந்த விதியும் நான் போட்டதுதான். நூறாம் நாள் பிள்ளைகள் கைதட்டினார்கள். இருநூறாம் நாள் வேறு மையங்களின் கோச்சுகள் வந்து பலகைக்குப் பக்கத்தில் என்னை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

பொய் சொல்லு என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொன்னதில்லை. "நாளைக்கு வந்துருவேல்ல?" என்று மட்டும் கேட்பேன். கால் விரல் உடைந்த பெண் ஒருத்தி மறுநாள் வந்து கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பொறுக்கிப் போட்டாள். வந்துவிட்டாள் அல்லவா, விதிப்படி அது காயமில்லை. இன்னொருவன் கணைக்கால் எலும்பு வலிக்கிறது என்று நொண்டினான். அவன் அப்பாவைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்ல இருந்து படிக்கட்டுமே" என்று தன்மையாகப் பேசி, ஸ்கேன் வருவதற்கு முன்பே காதும் காதும் வைத்தாற்போல் அவன் பெயரைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டேன். எலும்பில் விரிசலாம். அது தெரிந்தபோது அவன் எங்கள் பிள்ளை இல்லை.

நீங்கள் என் தங்கை மகளைப் பற்றித்தான் கேட்டீர்கள். அங்கேதான் வருகிறேன்.

அவளுக்குப் பதினைந்து வயது. தடுப்பாட்டக்காரி. ஆள் குள்ளம், ஆனாலும் அவளைத் தாண்டிப் பந்து போகாது. அதனால் எல்லோரும் அவளைக் குட்டிச்சுவர் என்று கூப்பிடுவார்கள். அந்தப் பெயரை முதலில் வைத்தவன் நான்தான். வீட்டில் என்னை மாமா என்பாள், மைதானத்தில் சார் என்பாள். "சொந்தக்காரங்கற சலுகை எனக்கு வேணாம்" என்று அவளே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. நாலு வருஷத்தில் ஒருநாள்கூட அவளுக்கு வாய் தவறியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலைப் பயிற்சியில், உயரே வந்த பந்துக்கு அவளும் இன்னொருத்தியும் எம்பினார்கள். மண்டையோடு மண்டை மோதியது. அவள் மெதுவாக உட்கார்ந்தாள். நான் ஓடினேன். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டேன். ஞாயிறு என்றாள். எழுந்து போய்க் குழாயடியில் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்து, எல்லோர் முன்னாலும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, போர்டை அழிச்சிராதீங்க மாமா. எல்லாரும் என்னைத்தான் திட்டுவாங்க."

மாமா என்றாள். சுற்றி நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழமையை விட, வாந்தியை விட, அந்த ஒரு சொல்லில் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தலையில் அடிபட்டால் என்ன செய்ய வேண்டும் என்று என் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். உடனே டாக்டர், பிறகு இரண்டு வாரமாவது ஆட்டம் கிடையாது. மூளை ஆறுவதற்குள் இரண்டாவது அடி விழுந்தால் உயிருக்கே ஆபத்து என்பது கடைசி வரி. அதற்கு அடியில் சிவப்புக் கோடும் போட்டிருக்கிறேன்.

அன்றைய பதிவேட்டில் 'தலைவலி' என்று எழுதினேன்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். "அண்ணா, வெளிச்சம் கண்ணைக் கூசுதுங்கறா. சாப்பிடாம சுருண்டு படுத்திருக்கா. டாக்டர்கிட்ட காட்டட்டுமா?"

"பரீட்சை நேரம்ல, கண்ணு அசந்திருக்கும். போனை வாங்கி வை, தூங்கட்டும்."

"நீ பாத்துட்டியா அண்ணா?"

"நான் பாக்காம யாரு பாப்பா?"

"நீ சொன்னா சரிதான்" என்று வைத்துவிட்டாள். என் பேச்சுக்கு மறுபேச்சு பேசிப் பழக்கமில்லாதவள்.

புதன்கிழமை காலை நான் பலகைக்கு முன்னால் நின்றேன். 396 என்று இருந்தது. அழிப்பானைக் கையில் எடுத்தேன். எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள், தெரியாது. கேட் திறக்கும் சத்தம் கேட்டது. பிள்ளைகள் உள்ளே வந்ததும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, பலகையைத்தான் பார்ப்பார்கள். ஆறை மட்டும் அழித்து ஏழு என்று எழுதினேன். நான் செய்தது அவ்வளவுதான். அவள் வந்து எண்ணைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கண் மட்டும் சற்றுச் சுருங்கியிருந்தது.

சனிக்கிழமை நானூறாம் நாள். வெளி மைதானத்தில் போட்டி. அவளை உட்காரவைத்திருக்கலாம். கோச் என்னிடம், "குட்டிச்சுவர் ஆடலாமா?" என்று கேட்டார். தலையசைத்தேன். அறுபதாவது நிமிஷம், தினமும் நூறு முறை பந்தைத் தலையால் முட்டுகிற அதே சாதாரண முட்டு. பந்து தூரப் போயிற்று. அவள் இரண்டு அடி நடந்து, யாரும் தொடாமலே விழுந்தாள். அப்போதும் முட்டி உள்பக்கம் சாயவில்லை. நான் அதைப் பார்த்தேன், ஐயா. நல்ல பயிற்சி.

மூன்று நாள் கண் திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை போய்விட்டாள்.

நடுவில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மையத்துக்குப் போனேன். பலகையில் 401 என்று எழுதினேன். 'காயமின்றி' என்பதற்கு மேலே சின்ன எழுத்தில் 'நம் மைதானத்தில்' என்று சேர்த்தேன். அடி விழுந்தது அவர்கள் மைதானத்தில்தானே.

அடுத்த செவ்வாய்க்கிழமை தங்கை, மகளின் பூட்ஸை எடுத்துப் போக வந்தாள். பலகைக்கு முன்னால் நின்றாள். "இது என்னண்ணா?" என்று கேட்டாள். விளக்கினேன். முழுக்கக் கேட்டாள்.

"உன்னை நம்பித்தானே விட்டேன்" என்றாள். உள்ளங்கையால் எண்ணைத் தேய்த்து அழித்துவிட்டு, மை அப்பிய கையோடு போய்விட்டாள்.

பெற்ற வயிறு, அப்படித்தான் செய்யும். நான் அதைப் பெரிதுபடுத்தவில்லை. பிள்ளைகள் வருவதற்குள் 410 என்று திரும்ப எழுதிவிட்டேன்.

என் மேல் எழுதுவதை எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். தலையில் அடி என்று தெரியும், ஆடினால் என்ன ஆகும் என்று தெரியும், தெரிந்தேதான் ஆடவிட்டேன். ஒரே ஓர் உதவி வேண்டும். இன்றைக்கு 412. என்னை இங்கே வைத்திருப்பதாக இருந்தால், நாளை காலை யாராவது போய் இரண்டை அழித்து மூன்று போட வேண்டும். அறுபத்தொன்பது பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டு வருவார்கள்.