இரண்டாவது விசில்

மழை விட்டு மூன்றாம் நாள். அடையாறு போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஆற்றோரக் குடிசைப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்த பால்வாடி டீச்சரிடம் சொன்னாள்:

"ஒரு தபா வந்து விசில் ஊதிட்டுப் போங்க டீச்சர். பொண்ணு கட்டிலை வுட்டு எறங்க மாட்டேங்குது."

"தண்ணிதான் வடிஞ்சிடுச்சே?"

"நீங்க இன்னும் ஊதலியாம். தொட்டா கடிக்குது. அன்னிக்கு அவங்கப்பா கட்டிலோட தூக்கிக்கினு வெள்ள முகாம் ஸ்கூலுக்குப் போனாரு. இன்னும் அது மேலதான் கீது. ஒடம்பு அனலா கொதிக்குது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கணும்."

"பால்வாடில ஒத்திகை வெச்சப்போ, வெள்ளம் வந்தா மொதல் விசிலுக்கு மேல ஏறணும், ரெண்டாவதுக்கு எறங்கணும்னு சொன்னேன். ஏறிப் பழகினாங்க, எறங்கிப் பழகறதுக்குள்ள சாப்பாடு வந்துடுச்சும்மா."

"எதிர்வூட்டு செல்வி தண்ணி வடியறதுக்குள்ள அவளா எறங்கினா. இன்னும் தேடிக்கினு கீறாங்க."

டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "என் விசிலும் வெள்ளத்துல போயிடுச்சே."

பக்கத்தில் நின்ற கண்டக்டர் தன் விசிலைக் கழற்றி அவரிடம் கொடுத்தார். பெண்கள் இருவரும் இறங்கி ஓடினார்கள். அதன்பிறகு கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தைத் தட்டியே ரைட் கொடுத்தார்.

பஸ்ஸுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஐம்பது வயதுத் தடியன் நான், எப்போதோ கால்களைச் சீட்டின் மேல் தூக்கி வைத்திருந்தேன். என் ஸ்டாப்பிங் வந்தது, கண்டக்டர் தட்டினார். நான் இறங்கவில்லை. விசில் கேட்கவில்லையே.