பந்து வராத குதி

பாப்பிரெட்டிப்பட்டி பஸ்ஸில் முன்சீட்டில் கல்லூரி வாலிபால் ஜெர்சியோடு இரண்டு பெண்கள். குள்ளமானவள் சொன்னதைக் கேட்டு நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“நாளைக்கு மேட்ச்ல, மொத செட்ல உனக்கு அடிக்கப் பந்தே தூக்கித் தர மாட்டேன். ஆனா ஒவ்வொரு வாட்டியும் நீ குதிக்கணும்.”

“பந்து வராம எதுக்குடி குதிக்கறது?” என்றாள் நெட்டையானவள்.

“எப்பவும் உனக்கேதான் தர்றேன்னு எதிர் டீமுக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ குதிச்சா, தடுக்க ரெண்டு பேரு உன்கூடவே குதிப்பாங்க. நம்ம ஸ்டெல்லா இன்னொரு ஓரத்துல தடுக்க ஆளில்லாம அடிப்பா. அப்புறம் அவளையே பார்த்துட்டு நிப்பாங்க. அப்ப உனக்குத் தர்றேன்.”

“எங்கப்பா நாளைக்குத்தான் மொதமொத பார்க்க வராரு. சும்மா குதிச்சிட்டிருந்தா என்ன நெனைப்பாரு?”

நல்லம்பள்ளி தாண்டியதும் நெட்டையானவள் போனை எடுத்தாள்.

“அப்பா, நாளைக்கு என்னையப் பார்க்காதீங்க. வலைக்கு அந்தாண்ட, என்கூடக் குதிக்கறவங்களப் பாருங்க.”