மூக்கின் நடுச்சுவர்

மூக்கு உடைந்தால் ஐஸ் கட்டியை நேரே தோலில் வைக்கக் கூடாது. மெல்லிய துணியில் சுற்றி, கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து, மறுபடி வைக்க வேண்டும். இந்தச் சின்ன விஷயம்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. ரத்தம் வந்ததும் தலையைப் பின்னால் சாய்த்து அண்ணாந்து உட்கார வைக்கிறார்கள். ரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தியாக வந்ததும் 'ஐயோ, ரத்த வாந்தி' என்று ஊரைக் கூட்டுகிறார்கள். காது மூக்குத் தொண்டை வார்டில் நர்ஸாக இருந்த காலத்தில் இந்தக் கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து, மனிதர்கள் மேல் எனக்கிருந்த மரியாதையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி கல்யாணத்துக்குப் பிறகு போனது.

நீங்கள் கேட்பது சின்ன டாக்டரைப் பற்றி. தெரியும், வருகிறேன். கவனக்குறைவால் தன் மூக்கைக் கெடுத்துவிட்டார் என்று என் கணவர் அவர் மேல் புகார் கொடுத்திருக்கிறார். நானும் 'ஆமாம்' என்று சாட்சி சொல்லிவிட்டுப் போவேன் என்று நினைத்துத்தான் ஆஸ்பத்திரி விசாரணைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். டீ வேறு வாங்கி வைத்திருக்கிறீர்கள். ஆறிப்போன டீ. இருந்தாலும் நன்றி.

முதலில் அந்த மூக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு சோப்புக் கம்பெனியில் வாசனை பார்க்கிற வேலை. வாசனை எண்ணெயைக் காகிதக் கீற்றில் தொட்டு முகர்ந்து, இது சரி, இது தூக்கல், இது நாள்பட்டால் நாறும் என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்கு நல்ல சம்பளம், தனி அறை, அறைக்குள் யாரும் சென்ட் பூசிக்கொண்டு வரக் கூடாது என்று வாசலில் ஒரு பலகை. முதலாளியே அந்த மூக்கை 'நம்ம சொத்து' என்று சொல்வாராம். சளி பிடித்தால் கம்பெனியில் துக்கம் விசாரிப்பதுபோல் வந்து விசாரிப்பார்கள்.

கல்யாணமான புதிதில் நான் ட்யூட்டி முடிந்து வரும்போது வாசற்படியிலேயே நிறுத்துவார். கழுத்துக்கருகில் குனிந்து ஒரு இழுப்பு. "ஸ்பிரிட்டு, சீழ், அப்புறம் யாரோ ஒரு ஆம்பளையோட வேர்வை" என்பார். வார்டில் ஆம்பளைகளுக்கும் மூக்கு இருக்கிறது, அதையும் நாங்கள்தான் கட்ட வேண்டும் என்று விளக்கினேன். குளித்துவிட்டு வந்தாலும் போகவில்லை என்பார். "உன்ன தப்பா சொல்லல. என் மூக்குக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று மிக மென்மையாகத்தான் சொன்னார். வேலையை விட்டேன். சொந்தக்காரர்கள் எல்லாரும் அவரைத் தங்கமான மனுஷன் என்றார்கள், பொண்டாட்டிமேல் ஒரு நாளும் கை ஓங்கியதில்லை என்று. உண்மைதான். அவர் எதற்குக் கையை ஓங்க வேண்டும்?

ஒரு நாள் மதியம் என் பழைய வார்டுத் தோழி வந்து டீ குடித்துவிட்டுப் போனாள். டம்ளரைக் கழுவி, ஜன்னலையெல்லாம் திறந்துவைத்தேன். சாயங்காலம் அவர் ஒரு ஷூவைக் கழற்றியவர், இன்னொன்றைக் கழற்றாமல் அப்படியே நின்றார். "ஆஸ்பத்திரிக்காரி யாரு வந்துட்டுப் போனது?" என்றார். அவள் அதற்குப் பிறகு வரவில்லை. அம்மாவைப் பார்க்கப் போனால் பஸ் புகையைக் கண்டுபிடிப்பார். தலைவலித் தைலம் தடவினால், "அழுதுட்டு தைலம் போட்டிருக்க. எதுக்கு அழுத?" என்பார். பதில் சொல்லி மாளவில்லை. அழுவதை நிறுத்திவிட்டேன். ஒரு வீட்டுக்குள் நிம்மதியாக அழக்கூட முடியாமல் வாழ்ந்து பார்த்தால்தான் அது என்னவென்று தெரியும்.

அப்பேர்ப்பட்ட மூக்குக்குக் கண்ணாடியின் வாசனை மட்டும் தெரியவில்லை. பேங்க் வாசலில் புதிதாகத் துடைத்துவைத்த கண்ணாடிக் கதவு. கதவே இல்லை என்று நினைத்து வீர நடை போட்டிருக்கிறார். சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேதான் ஆட்டோவில் கூட்டிப்போனேன்.

அன்றைக்குச் சின்ன டாக்டர்தான் இருந்தார். அவர் தன் வேலையைச் சரியாகச் செய்தார் என்று எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு துவாரத்துக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தார், ஒன்றுமில்லை. நகர்ந்திருந்த எலும்பை நேராக்கி, அசையாமல் இருக்க மேலே அச்சு வைத்துக் கட்டினார். தலையை உயர்த்திப் படுக்கணும், மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும் என்று பாடம் ஒப்பித்தார். அந்தப் பாடத்தை அவருக்கு முன்பு இருந்த டாக்டர்களுக்கே நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். நான் அங்கே நர்ஸாக இருந்தவள் என்று வார்டில் யாரோ சொல்லியிருக்க, பிறகு என்னிடம், "மறுநாள் வந்து காட்டணும்னு எல்லாருக்கும் சொல்வோம். நீங்க நம்ம வார்டு ஆளு சிஸ்டர். நீங்களே டார்ச் அடிச்சுப் பாத்துடுங்க. ஏதாவது இருந்தா உடனே கூட்டிட்டு வந்துடுங்க" என்றார்.

நம்ம வார்டு ஆள் என்றால் வரிசையில் நிற்க வேண்டாம், மறுநாள் வர வேண்டாம். அந்த வார்டின் வழக்கம் அது, யாரும் எழுதிவைத்ததில்லை. நானும் எத்தனையோ பேரை அப்படி அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு எழுதுவதற்கு ஒரு தவறு வேண்டுமென்றால் அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மறுநாள் எதற்குப் பார்க்கிறோம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. இரண்டு துவாரத்துக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கிறது, குருத்தெலும்பு. அதன்மேல் போர்த்திய சவ்வில் ஓடும் ரத்தம்தான் அதற்குச் சாப்பாடு. அடிபட்டால் சில பேருக்குச் சவ்வுக்கும் சுவருக்கும் இடையில் ரத்தம் கட்டிக்கொள்ளும். சவ்வு விலகிவிடும், சுவர் பட்டினி கிடக்கும். உடனே பார்த்துச் சின்னதாகக் கீறி ரத்தத்தை எடுத்துவிட்டால் ஒன்றுமில்லை, வீட்டுக்குப் போகலாம். விட்டால் சீழ் பிடித்து, சுவர் அழுகி, மூக்கு நடுவில் உட்கார்ந்துவிடும்.

மறுநாள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாக உப்பியிருந்தது. பஞ்சுக் குச்சியால் தொட்டேன். வெறும் வீக்கமென்றால் கெட்டியாக இருக்கும். இது பழுத்த திராட்சைபோல் அமுங்கியது. ஒரு நொடி போதும், எந்த நர்ஸுக்கும் சந்தேகமே வராது.

"என்ன இருக்கு?" என்றார்.

"வீக்கந்தான். ரெண்டு நாள்ல வத்திடும்" என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். என் கை அவர் முகத்துக்கு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. காலையில்தான் தைலம் தடவியிருந்தேன். எதுக்கு அழுத என்று அவர் கேட்கவில்லை.

அடுப்படிக்குப் போய் பாலை ஏற்றினேன். பொங்கி, வற்றி, பாத்திரம் கருகும்வரை நின்று பார்த்தேன். புகையில் எனக்கே இருமல் வந்தது. அடுத்த அறையில் அந்தச் சொத்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஆசைதீர அழுதேன். முகத்தைக்கூடக் கழுவவில்லை.

காய்ச்சல் வந்தது. காய்ச்சல் மாத்திரை வேளாவேளைக்குக் கொடுத்தேன். உடம்பு சுட்டால்தானே வீட்டில் பதறுவார்கள். அவர் தங்கை வந்தாள். வைத்தியத்தையெல்லாம் போனில் வீடியோ பார்த்தே கற்றுத் தேர்ந்தவள். எல்லாவற்றிலும் தப்பாகச் சொல்பவள், இதில் மட்டும் சரியாகச் சொல்லிவிட்டாள்.

"அண்ணி, நுனியெல்லாம் செவந்து பளபளன்னு இருக்கே. டாக்டர்கிட்ட காட்டிடலாமே?"

"தாராளமா போலாம். போனா உள்ள கத்தி வச்சுக் கீறுவாங்க, பரவால்லையா?" என்று அவரைப் பார்த்துக் கேட்டேன்.

"வேணாம். அவளுக்குத் தெரியாததா? நம்ம வீட்லயே நர்ஸு இருக்கா" என்றார் அவர்.

கவனித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று சொன்னது அவர். நான் போகலாம் என்றுதான் சொன்னேன். அத்தனை வருஷமாக நாற்றம் என்று ஒதுக்கிய அந்த நர்ஸ், கத்தி என்றதும் சட்டென்று வேண்டியவள் ஆகிவிட்டாள்.

வலி தாங்காமல் அவரே எழுந்து சட்டையை மாட்டிய அன்றைக்குக் கூட்டிப்போனேன். சீழை எடுத்தார்கள். சுவர் என்று சொல்ல அங்கே ஒன்றும் மிச்சமில்லை. ஏன் இவ்வளவு தாமதம் என்று பெரிய டாக்டர் கேட்டார். வீக்கம் என்று நினைத்தோம் என்று தலையைக் குனிந்துகொண்டேன். புண் ஆறும்போது உள்ளே சதை ஒட்டி வழி அடைத்துக்கொண்டது. வாசனை மேலே ஏறுவதற்கு இடமில்லை. மூக்கு நடுவில் பள்ளமாகிவிட்டது.

கம்பெனி அவரைக் கிடங்குக்கு மாற்றியது. பலகையைக் கழற்றிவிட்டார்கள். நான் அதே வார்டுக்கு வேலைக்குத் திரும்பினேன். இப்போது ட்யூட்டி முடிந்து வந்து, அதே உடுப்போடு அவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். காலையில் சட்டையை என்னிடம் நீட்டி, "நாறுதா பாரு" என்கிறார். நாறும். "இல்லையே" என்கிறேன். போட்டுக்கொண்டு போகிறார். கிடங்கில் பையன்கள் தள்ளி நிற்கிறார்களாம், ஏனென்று புரியவில்லையாம். எனக்கும் புரியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இதையெல்லாம் இப்போது ஏன் சொல்கிறேன் என்று பார்க்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிவிடாதீர்கள், எனக்குச் சிரிப்பு வரும். சின்ன டாக்டர்மேல் இரக்கமும் இல்லை. அந்த உப்பலை அவர் கவனிக்காமல் விட்டுவிட்டதாகப் புகாரில் இருக்கிறது. அவர் பார்த்தபோது அது இல்லவே இல்லை. வந்தபோது பார்த்தவள் நான். பார்த்த நொடியில் அது என்னவென்று தெரிந்துகொண்டவள் நான். என்ன செய்தால் என்ன ஆகும் என்று கடைசிவரை தெரிந்து வைத்திருந்தவளும் நான்தான். இதைப் போய் நேற்று வந்த ஒரு பையனின் கவனக்குறைவு என்றால், என் அனுபவத்துக்கு என்ன மரியாதை?

நான் அவரை ஒன்றும் செய்யவில்லை. ஒன்றைச் செய்யாமல் இருந்தேன், அவ்வளவுதான். மற்றபடி வேளைக்கு மாத்திரை, வேளைக்குக் கஞ்சி, தலைக்கு உயரமாகத் தலையணை, எதிலும் குறை வைத்ததில்லை. அவ இல்லன்னா நான் செத்திருப்பேன் என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறார். நீங்களே கேட்டுப் பாருங்கள்.

எழுதி முடித்துவிட்டீர்கள் என்றால் எங்கே கையெழுத்துப் போட வேண்டுமென்று சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் ஆகட்டும். நாளைக்கு விலாவிலிருந்து குருத்தெலும்பு எடுத்து அவர் மூக்கை நிமிர்த்தி, உள்ளே வழியும் திறந்துவிடப் போகிறார் பெரிய டாக்டர். வாசனை திரும்ப வரவும் வாய்ப்பிருக்கிறது என்கிறார். எல்லாம் ஆபரேஷனுக்குப் பிறகு கூட இருந்து பார்த்துக்கொள்பவர் கையில்தான் இருக்கிறதாம். நான் லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு யாரையும் அவர் பக்கத்தில் விட மாட்டேன் என்கிறார்.