ஒற்றை விரலில் தூக்கிய வண்டி

ஒரகடம் சிக்னலில் எங்கள் கம்பெனி பஸ் நின்றிருந்தது. முன் சீட்டில் இருந்த குன்றத்தூர்க்காரர், "ஒரே வெரல்ல தூக்கினான்பா!" என்றார். நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற, உள்ளே படுக்கை வைத்த டிரெய்லர் ஒன்றை அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கப்போகிறார். விற்கிறவன்தான் அதைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏலகிரிப் பயணம்.

பக்கத்தில் இருந்த திருநெல்வேலிக்காரர், "எதத் தூக்குனான் அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"கார்ல மாட்ற மூக்குப் பக்கத்த. வெயிட்டே இல்ல, பஞ்சு மாதிரி கீது."

"அதுதான் ஆபத்து. மூக்குல கனம் ரொம்ப இருந்தா காரோட பின்பக்கம் உக்காந்துரும். ஆனா கொஞ்சமாவது இருந்து கொக்கிய அமுக்கணும். இல்லன்னா வேகமா போகயில டிரெய்லர் வால ஆட்டும். உங்க காரையும் சேத்துப் பொரட்டிரும்."

"புள்ளைங்க வேற வர்றாங்களேப்பா." அவர் குரல் இறங்கிவிட்டது.

"பின்னால கனம் இருந்தா முன்னால மூக்கு தானா எழும்பும். அவன் தூக்குறப்ப பின்பக்கம் என்ன இருந்துச்சு?"

"இன்னா இருந்துச்சு? கட்டிலு. அதுல அவன் மச்சான் படுத்துகினு இருந்தாரு."

"மச்சான் ஆளு எப்படி?"

"நல்லா வாட்டசாட்டமா..." என்று பாதியில் நிறுத்தியவர், உடனே போனை எடுத்தார். "தம்பி, நாளைக்கு வரேன். உன் மச்சான எறக்கி வுட்டுட்டு ஒரு தபா தூக்கிக் காட்டு."

பதிலைக் கேட்டதும் போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினார்.

"மச்சான் ஊருக்குப் போய்க்கிறாராம். அவரு வந்தப்புறம்தான் தூக்க முடியுமாம்."